‘சர்வோ 411’: ‘ரீசெட்’ அழுத்துமுன் கவனிக்க வேண்டியவை

தஞ்சோங் பகாரில் விக்டோரியா உலர்துறை 1868ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கப்பல் பாகங்களைக் கடைந்த அக்காலத் தொழிலாளர்கள், லேத் இயந்திரத்தின் கோளாறை அதன் சத்தத்தையும் அதிர்வையும் வைத்தே கண்டறிய வேண்டியிருந்தது. இன்று ஜூரோங், துவாஸ் தொழிற்கூடங்களில் கணினிவழி இயங்கும் ‘சிஎன்சி’ இயந்திரங்களில் வேலை செய்வோருக்குத் திரையில் தோன்றும் எச்சரிக்கை எண் அதைச் சொல்கிறது. எண்ணைக் கவனிக்காமல் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்துவது பழுதைத் தள்ளிப்போடுவதே ஆகும்.

எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் ஒவ்வொன்றையும் ஒரு சர்வோ மோட்டார் நகர்த்துகிறது. மோட்டாரின் பின்னுள்ள ‘என்கோடர்’, அது எவ்வளவு சுழன்றது என்பதை உடனுக்குடன் தெரிவிக்கும். போகச் சொன்ன இடத்துக்கும் அச்சு இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் இயந்திரம் நின்றுவிடும். பரவலாகப் பயன்படும் ஃபானுக் கட்டுப்பாட்டு அமைப்பில், அச்சு நகரும்போது இது நேர்ந்தால் 411, நின்றிருக்கும்போது நேர்ந்தால் 410 என்ற எண் தோன்றும்.

ஆகவே, 411 என்றாலே மோட்டார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. தண்டவாளத்துக்கு எண்ணெய் போகாதது, பால் ஸ்குருவில் உலோகத் துருவல் சிக்குவது, பிரேக் விடுபடாதது, கேபிள் சேதமடைவது என எதுவும் காரணமாகலாம்.

எந்த அச்சு, எந்த இடம், எந்த நேரம் என்று குறித்துக்கொள்வது முதல் வேலை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் அங்கு இறுக்கமோ, கேபிள் மடியும் இடத்தில் முறிவோ இருக்கலாம். சில மணி நேரம் ஓடியபின் நின்றால் வெப்பத்தையும் சுமையையும் சோதிக்க வேண்டும். எண்ணெய் அளவு, துருவல், கேபிள் என எளிதானவற்றைப் பார்த்த பிறகே மோட்டாரையும் ஆம்பிளிஃபயரையும் சந்தேகிப்பது நல்லது.

உற்பத்தி தாமதமாகும்போது, 1828ஆம் பாராமீட்டரில் உள்ள வரம்பை உயர்த்தி எச்சரிக்கையை அடக்கத் தோன்றலாம். அது ஆபத்தானது. அச்சு எதிலாவது மோதினாலும் இயந்திரம் தாமதமாகவே நிற்கும்.

பழுதுபார்ப்பதற்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். அதன் பிறகும் ஆம்பிளிஃபயரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதன் விளக்கு அணைந்த பின்னரும், கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருப்பது அவசியம். செங்குத்தான இசட் அச்சின் பிரேக்கை விடுவித்தாலோ மோட்டாரைக் கழற்றினாலோ, அது தன் எடையிலேயே கீழே விழக்கூடும். முதலில் அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் மின்பெட்டியைத் திறக்காமல் மேற்பார்வையாளரை அழைப்பதே சரி. நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் ஓட்டலாம். நசுங்கிய விரல் பழையபடி ஆகாது.