முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு டெங்கு வந்திருக்கிறதா?

திருப்பூர் வேலம்பாளையத்து லைன் வீடுகளில் தண்ணீர் விடும் நாளில் டிரம், அண்டா, குடம் எல்லாம் நிறைந்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். டிரம் காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் புழு வரும். தேய்த்துக் கழுவச் சொல்வது அதனால்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு ஊசி போட்டால் ஆகாதா? டெங்குவில் அங்கேதான் சிக்கல். இந்த வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து குணமானால் அந்த வகை மீண்டும் அண்டுவது அரிது. பின்னாளில் வேறொரு வகை வந்தால், பழைய எதிர்ப்பான்கள் அதன்மேல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு, அதைக் கொல்லாமல் வெள்ளணுக்களுக்குள்ளேயே கூட்டிப்போய் விட்டுவிடக்கூடும். இரண்டாவது டெங்கு சிலருக்கு உயிருக்கே ஆபத்தாவதற்கு இது முக்கியக் காரணம்.

தடுப்பூசியே அந்த 'முதல் டெங்கு'வாக அமைந்துவிட்டால்? பிலிப்பைன்ஸில் அதுதான் நடந்தது. 2016இல் தொடங்கி, 8 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு டெங்வாக்சியா போட்டார்கள். முன்பு டெங்குவே வராதவர்களுக்கு இந்த ஊசி கடும் டெங்கு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரிப்பாளரான சனோஃபியே அறிவித்தது. திட்டம் நின்றது. மற்றத் தடுப்பூசிகள் மீதும் மக்களுக்கு நம்பிக்கை போனதுதான் பெரிய இழப்பு.

ஆகவே, யாருக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். 2017-18இல் 15 மாநிலங்களில் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வை நடத்தியது சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். தென்மாநிலங்களில் 100க்கு 77 பேருக்கு டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. கிழக்கிலும் வடகிழக்கிலும் மிகக் குறைவு. திருப்பூர் பனியன் கம்பெனியில் உள்ளூர்க்காரரும் ஒடிசாக்காரரும் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே ஊசி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றால், பரிசோதனை நீளத்தான் செய்யும்.

நான்கு வகைகளுக்கும் சேர்த்து பனேசியா பயோடெக் தயாரித்த 'டெங்கிஆல்' ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024 ஆகஸ்டில் ஹரியானாவின் ரோத்தக்கில் தொடங்கியது. 10,000க்கும் மேற்பட்ட பெரியவர்கள். ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டு கண்காணிக்கும் திட்டம். இந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பீஸ் ரேட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டது என்று அன்றைக்கே கம்பெனிக்குக் கிளம்பாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.