லாரி போகாத கிராவல் ரோடு

கிராவல் அடித்து ரோலர் ஓட்டிய ரோடு புதிதில் நன்றாகத்தான் இருக்கும். மண் லாரியும் டிராக்டரும் நாலு மாதம் ஓடிவிட்டால் போதும், குறுக்குவாட்டில் வரிவரியாக மேடும் பள்ளமும் எழுந்துவிடும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட ஊர்களில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு அந்த வரிகள் உள்ளங்கையிலேயே தெரியும். ஹேண்டில்பார் கிடுகிடுக்கும், மட்கார்டு கூப்பாடு போடும். காண்ட்ராக்டரைத் திட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஒழுங்காகப் போட்ட ரோட்டிலும் அதே வரிகள் வரும் என்பதுதான் வேடிக்கை.

2007-இல் நிக்கோலா தபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் இதைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்தார்கள். சுழலும் வட்டத் தட்டில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டார்கள். சமமாக நிரவிய மணலில் சில சுற்றுகளிலேயே அலைகள் எழுந்தன. வண்டியின் ஸ்பிரிங்தான் காரணம் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் அலையை எழுப்பியது. நடப்பது இதுதான்: கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளி இறங்குகிறது. இறங்கும் இடத்தில் மண்ணை முன்னும் பின்னும் தள்ளுகிறது. தள்ளிய மண் அடுத்த மேடாகிறது. பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியும் அதே இடத்தில் துள்ளி, மேட்டை இன்னும் வளர்த்துவிட்டுப் போகிறது.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அலை எழுவதே இல்லை. காருக்கும் லாரிக்கும் அந்த எல்லை மிகவும் தாழ்வானது. அவ்வளவு மெதுவாக யாரும் ஓட்டுவதில்லை. ஆனால் மாட்டுவண்டி ஓட்டினார்கள். பழைய வண்டிப்பாதைகளில் நீளவாக்கில் தடம் விழுந்திருக்கும், குறுக்கு வரி இருக்காது. ஆடும் ஆளும் சைக்கிளும் மட்டும் போகிற பாதையிலும் அலை எழ வேண்டிய எடையும் வேகமும் ஒன்றுசேர்வதில்லை. வண்டி நடமாட்டம் இல்லாத பாதை என்றதும் விபத்துப் பயம் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். பாதையின் மேற்பரப்பே பிழைத்துக் கிடப்பதற்கும் வண்டி ஓடாததுதான் காரணம்.

இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட பாதைக்குக் கண்மாய்க் கரையைவிட நல்ல உதாரணம் கிடையாது. கரையின் உச்சி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தால் உபரித் தண்ணீர் வழியும் கலுங்குக்குப் போக வேண்டிய தண்ணீர் அங்கே ஏறி வழிந்து கரையை அறுத்துவிடும். தண்ணீருக்காக வைத்த மட்டம் சைக்கிள்காரனுக்கு ஏற்றமில்லாத பாதையாக அமைந்துவிட்டது. ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி சங்கிலியாக வெட்டியிருப்பதால், கரைவிட்டுக் கரை மாறிக்கொண்டே வெகுதூரம் போகலாம். இடையில் தார் ரோட்டைக் குறுக்கே கடக்கிற இடங்களில் மட்டும் இறங்கி இருபுறமும் பார்த்தால் போதும்.

இத்தாலியின் டஸ்கனியிலும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே தார் போடாத வெள்ளைச் சரளைப் பாதைகள் உண்டு. அவற்றுக்குத் தார் போட்டுவிடாமல் காப்பதற்கென்றே ஜியான்கார்லோ பிரோச்சி என்பவர் 1997-இல் கயோலே என்ற ஊரில் ‘லெரோய்கா’ என்ற, பழைய சைக்கிள்களில் போகும் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் கிராவல் சைக்கிள் மோகத்துக்கு அதுவும் ஒரு தொடக்கம். நம் ஊருக்கு அந்த வாதத்தை அப்படியே கொண்டுவர நான் தயாரில்லை. 108 ஆம்புலன்ஸ் வர வேண்டிய ரோட்டுக்குத் தார் வேண்டும், அதில் பேச்சே இல்லை. கண்மாய்க் கரைக்கு வேண்டாம்.

சரி, எந்த சைக்கிளில் போவது? கிராவல் பைக் என்று கடையில் விற்கும் வண்டியின் டயர் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நம் தாத்தாக்கள் மிதித்த கறுப்பு சைக்கிளின் 28-க்கு ஒன்றரை இஞ்ச் டயரும் அதே 40 மில்லிமீட்டர்தான். ரேஸ் சைக்கிள்கள் நெடுங்காலம் 23 மில்லிமீட்டர் டயரில் ஓடிவிட்டு, இப்போது அகலத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் போன்ற கம்பெனிகள் தார் காணாத கிராமத்துப் பாதைகளுக்கு விற்ற வண்டி அந்தக் கறுப்பு சைக்கிள். எடை மட்டும்தான் அதன் குறை.

அகலம் ஏன் உதவுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால் பின்சக்கரத்தின் மேல் சுமார் 47 கிலோ இறங்கும். டயரில் 60 பிஎஸ்ஐ காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 11 சதுர சென்டிமீட்டர். 35 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் 19. சரளையில் கல் இறுக்கமான டயரைத் தூக்கிப் போடும். அந்தத் துள்ளலில் வண்டியோடு நம் சதையும் எலும்பும் குலுங்கி, மிதித்த ஆற்றலின் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே சூடாகக் கரைந்துபோகும். காற்றுக் குறைந்த அகல டயர் கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு முன்னேறும். ஒல்லி டயரில் இப்படிக் காற்றை இறக்கினால் ரிம் கல்லில் இடித்து டியூபைக் கிள்ளிவிடும்.

இதெல்லாம் காய்ந்த நாள் கதை. கரிசலில் மழை விழுந்தால் எந்த டயரும் ஒன்றுதான். கரிசல் களியின் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. ஏடு ஏடாக அடுக்கியது. ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் ஊதிப் பெருக்கும், உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். நனைந்த கரிசல் டயரில் ஒட்டி, அந்த மண்ணின் மேல் மண் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றேபோகும். பிறகு வண்டியைத் தோளில் சுமக்க வேண்டியதுதான். பக்கத்திலேயே செம்மண் சரளையாக இருந்தால் அப்படியில்லை. அதன் பருமணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. காலையில் மழை பெய்தாலும் சாயங்காலம் போகலாம். அதனால் இந்த வட்டாரத்தில் வழி கேட்கிறவர் தூரத்தைக் கேட்பதற்கு முன் மண்ணைக் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. தையும் மாசியும்தான் உகந்த காலம்: மண் இறுகியிருக்கும், கண்மாயில் தண்ணீர் கிடக்கும், வெயில் ஏறியிருக்காது. சித்திரையில் சில இடங்களில் டயர் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சீமைக்கருவேல் வெட்டிக் கரி மூட்டம் போட்ட இடங்களில் சிதறிய முள் பாதையெல்லாம் கிடக்கும். அதையாவது பார்த்து ஒதுங்கலாம். நெருஞ்சிக்கு ஒதுங்க முடியாது. அதன் காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும்படி ஒவ்வொரு துண்டிலும் முட்கள் அமைந்திருக்கின்றன. கடந்து போகிற விலங்கின் காலில் குத்தி விதை ஊர் மாறுவதற்கான ஏற்பாடு அது. டயர் அதற்குக் கால்தான். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதிக்கும் இதே செடி போய்ச் சேர்ந்து அங்குள்ள சைக்கிள்காரர்களைப் படுத்துகிறது. டியூப் இல்லாத டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றி ஓட்டுவது அதற்கு ஒரு மாற்று. துளை விழுந்ததும் காற்றே திரவத்தை வெளியே தள்ளும். அது துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும். முள்ளைப் பிடுங்காமல் வீடு வந்து சேர்வது இதைவிட மலிவு.

மலையடிவாரம் வேண்டுமென்றால் திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாற்றை எதிர்த்துப் போக வேண்டும். ஆறு பிறப்பது மேற்கே சாப்டூர்ப் பக்கத்து மலைகளில். அந்த மலைக்கூட்டத்துக்கும் அப்பால் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்ட பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். அந்தத் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது ஒரே நாளில் முடிகிற தூரமில்லை, மேற்கே போகிறவர் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும்போது எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆடியில் மேற்குக் காற்று வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். அவ்வளவு தூரம் போகாமல் அன்றே திரும்புகிறவர் போகும் தூரத்தை விடியற்காலையிலேயே மிதித்து முடித்துவிட்டால், மதியத்துக்கு மேல் திரும்பும்போது அதே காற்று முதுகில் இருக்கும்.