ஓடும் ஜாவாவை நிறுத்தாமல் அதன் கணக்கைப் பார்ப்பது எப்படி?

ஜாவா நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் திரையில், அதன் கணக்கைக் காட்டும் ஜேஸ்டாட் கருவியை 1000 மில்லிசெகண்ட் இடைவெளியில் ஓட விடுகிறேன். நொடிக்கொரு வரி விழுகிறது. புதுப் பொருள்கள் பிறக்கும் ஈடன் பகுதி 61, 78, 95 சதவீதம் என நிரம்பி, சட்டென்று சரிகிறது. அதே வரியில், குப்பையை, அதாவது பயன்படாத பொருள்களை, அகற்றிய தடவை ஒன்று கூடியிருக்கிறது. நிரலை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

ஜாவாவை இயக்கும் ஹாட்ஸ்பாட், தன் எண்ணிகளை நினைவகத்தோடு பிணைத்த ஒரு சிறு கோப்பில் வைக்கிறது. லினக்ஸில் அது தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில் இருக்கும். எண்ணைக் கூட்ட நினைவகத்தில் எழுதினால் போதும். இயங்குதளத்தை அழைக்க வேண்டாம். ஜேஸ்டாட் அதே நினைவகப் பக்கங்களை வெளியிலிருந்து வாசித்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் டெம்ப் அடைவு வட்டில் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தப் பக்கத்தை வட்டுக்கு எழுதும் வேளையில், கூட்டல் காத்திருக்க நேரலாம். குப்பை அகற்றும் இடைநிறுத்தத்தின்போது இது நடந்தால், நிரலின் எல்லா இழைகளும் சேர்ந்து நிற்கும். இந்தப் பகிர்வை அணைக்க வழி உண்டு. அணைத்தால் ஜேஸ்டாட் குருடாகிவிடும். டெம்ப் அடைவையே நினைவகத்துக்கு மாற்றிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.