வயலினும் உறுமியும்: உரசிப் பிறக்கிற சத்தம்

பொங்கலுக்கு உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் போயிருந்தேன். சலகெருதை உறுமி அடிச்சு ஆட வைக்கிற நோம்பி அது. பஸ்ஸில் போறப்போ காதில் ஃபோக் மெட்டல் ஓடிட்டிருந்தது. பாட்டே கிடையாது, வயலின்தான் முன்னாடி நிற்கும். இறங்கி இயர்பட்ஸைக் கழட்டின பிறகும் அந்த இழுவை நிற்கலை. ரெண்டு நொடி கழிச்சுத்தான் புரிஞ்சது, கேட்டது உறுமி. அந்த ரெண்டு நொடி ஏன் ஏமாந்தேன் என்பதுதான் இந்த எபிசோட்.

முதலில், ஃபோக் மெட்டல்னா என்ன? மெட்டலோட கிட்டாரும் டிரம்ஸும் அப்படியே இருக்கும். அதோட ஊர்ப்புற மெட்டும் கருவியும் சேரும். 1990-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொடங்கின ஸ்கைக்ளாட் குழுவைத்தான் பலரும் முன்னோடின்னு சொல்றாங்க. 1992 ஆல்பத்திலேயே ஃபிடில் வாசிக்க ஒருத்தரைக் குழுவில் சேர்த்துட்டாங்க. ஃபிடிலும் வயலினும் ஒரே கருவிதான், வாசிக்கிற பாணிதான் வேற.

மெட்டலுக்கு வயலின் ஏன் இவ்வளவு பொருந்துது? பவர் கார்டைப் பாருங்க. அதில் இருக்கிறது ஒரு சுரமும் அதோட ஐந்தாவதும், அதாவது ச, ப. 110 ஹெர்ட்ஸையும் 165 ஹெர்ட்ஸையும் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள்ள அனுப்பினா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் கூடவே பிறக்கும். அது ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற அதே ச. நெஞ்சில் இடிக்கிற அந்தக் கனத்துக்கு இதுவும் ஒரு காரணம். காந்தாரத்தையும் சேர்த்தா சத்தம் கலங்கிடும். அதனால கிட்டார் பெரும்பாலும் ச, ப மட்டும் பிடிச்சு நிற்கும்.

தம்புரா செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதானே? கிட்டாரை டிராப் டி-யில் வச்சா கீழ் மூணு கம்பியும் ச, ப, ச. கர்நாடக வயலினோட கீழ் மூணு கம்பியும் ச, ப, ச-தான். காந்தாரம் சின்னதா பெருசான்னு கிட்டார் சொல்லாததால, எந்த ராகத்துக்குப் போகணும்னு வயலின் முடிவு பண்ணலாம். நம்ம ஆளுங்க தரையில் உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கிறாங்க. கருவியைத் தாங்குற வேலை இடது கைக்கு இல்லை. கமகத்துக்குக் கை தாராளமா வழுக்கும்.

இதை நம்மவங்க சோதிச்சும் பார்த்திருக்காங்க. எல். சங்கர் 1979-ல் ஃபிராங்க் ஜப்பா தயாரிப்பில் ஒரு ஆல்பம் போட்டார். அதுக்கப்புறம் வந்த ஒரு ஆல்பத்தில் பத்துக் கம்பி இரட்டை வயலின் வாசிச்சார். பெங்களூரு அகம் குழுவில் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணனே வயலினும் எடுப்பார். இதெல்லாம் மெட்டல் கிடையாது. ஆனா ராக் மேடையில் கர்நாடக வயலின் நிற்கும்னு காட்டினது இவங்கதான்.

சரி, ஃபோக் எங்கே? பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் கச்சேரிக்குள்ள வந்த வயலின், 200 வருஷத்தில் நம்முடையதாயிடுச்சு. ஆனா அது சபாவுக்குப் போச்சு, கொங்கு நோம்பிக்கு வரலை. இங்கே உறுமிதான். அதில் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பாங்க. இன்னொரு முகத்தில் வளைஞ்ச குச்சியை அழுத்தி உரசுவாங்க. குச்சி தோலைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். வயலின் வில்லில் ரோசின் தடவின குதிரை முடி கம்பியைப் பிடிச்சு விடுறதும் இதே இயற்பியல்தான். என் காது ஏமாந்தது இதனாலதான்.

அன்னைக்கு உறுமி வாசிச்ச அண்ணன்கிட்ட, "ரெக்கார்ட் பண்ணிக்கட்டுங்களாண்ணா?"ன்னு கேட்டேன்.

"பண்ணிக்கங்க தம்பி. அதைய வச்சு என்ன பண்ணுவீங்க?"

கிட்டாருக்குக் கீழே லூப்பாப் போட்டு, மேலே வயலின் வைக்கப் போறேன்னு சொன்னேன்.

"அப்ப நான் வரவேண்டியதில்லீங்களா?"

எனக்குப் பதில் வரலை. நோம்பிக்கே இப்போ பல ஊரில் டிஜே செட்டு வந்துடுதுங்கன்னு அவரே சொன்னார். நானும் அதே வேலையைத்தான் லேப்டாப்பில் செய்யப் பார்த்திருக்கேன்.

அப்புறம் அவர் வாசிக்கிறதை உத்துப் பார்த்தேன். கண்ணு எருதோட கால் மேலேயே இருக்கு. அது தயங்கினா உரசலை நீட்டுறார், துள்ளினா அடியைக் கூட்டுறார். லூப் இதைச் செய்யாது. பாட்டு இல்லாத இசையில் வார்த்தைக்குப் பதிலா நிற்கிறதே இந்தப் பதில் பேச்சுதான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வயலின் மெட்டல் வந்தா, உறுமிக்காரர் மேடையில் இருக்கணும், போஸ்டரில் அவர் பேர் இருக்கணும், கிட்டாரிஸ்டுக்குக் கொடுக்கிற அதே சம்பளம் அவருக்கும் போகணும்.

அந்த ரெக்கார்டிங்கை இந்த எபிசோடில் போடலைங்க. அண்ணன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். வயலின் வாசிக்கிற ஃபிரெண்டையும் கூட்டிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை மறுபடி உடுமலைக்குப் போறோம். வந்து சொல்றேன்.