சீனக்குடா எண்ணெய்க் குதங்கள்: கைச்சாத்தில் நாம் எங்கே?

"குதங்களை இந்தியாவுக்கு வித்துட்டாங்க." கிண்ணியா தேநீர்க் கடைகளில் இந்தப் பேச்சைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குத்தகை முழுமையாக எழுதப்படாமலே ஏறக்குறைய இருபது வருடங்கள் ஓடின என்பதுதான் விசித்திரம்.

பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டிய இந்தக் குதங்களில் 99 இன்று எஞ்சியுள்ளன. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 10 இலட்சம் தொன். இவற்றை இந்தியாவுடன் கூட்டாக இயக்குவது என்று 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதத்திலேயே எழுதப்பட்டது. யுத்தத்தில் அது கிடப்பில் போனது.

2003 இல் அரசு, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், லங்கா ஐஓசி ஆகிய மூன்று தரப்பும் உடன்படிக்கை செய்தன. குத்தகை உறுதி ஆறு மாதத்தில் கைச்சாத்தாக வேண்டும். ஆகவில்லை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அரசாங்கங்கள் மாறின. உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் எந்தக் கம்பனி பணத்தைக் கொட்டும்? கீழ்த்தொகுதிக் குதங்களை மட்டும் பாவித்து, மேல்தொகுதியின் 84 குதங்களைக் காட்டுக்கே விட்டுவிட்டது. நமது நிருவாகத்தின் இழுபறி அந்தக் கம்பனியை ஒரு மூலையில் உட்கார வைத்தது.

பக்கத்திலேயே இருக்கும் பிரிமா மா ஆலையின் கதை வேறு. அங்கே கணக்கு ஆரம்பத்திலேயே தெளிவு: அரசு கோதுமை கொடுக்கும், சிங்கப்பூர்க் கம்பனி மாவாக்கித் தரும், கூலியாகத் தவிட்டை எடுத்துக்கொள்ளும். ஆலை எழும்பியது.

மறுபக்கமும் உண்டு. மூலையில் இருந்த ஐஓசியும் நமது சட்டதிட்டங்களை மாற்றியது. 2022 மார்ச்சில் அது முதலில் விலையை ஏற்ற, உடனேயே கூட்டுத்தாபனமும் ஏற்றியது. அந்த வருட நடுப்பகுதியில் கூட்டுத்தாபனத்தின் கை வெறுமையானபோது, பொதுமக்களுக்கு ஓரளவாவது எண்ணெய் வந்தது இதே சீனக்குடாவிலிருந்துதான். நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அது மறக்காது. அதே வருடம் பெற்றோலியச் சட்டம் திருத்தப்பட்டு வேறு வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும் சந்தை திறக்கப்பட்டது. 2023 இல் சீனாவின் சினோபெக் வந்தது. தனி விதிவிலக்காக நுழைந்த ஒரு கம்பனி, இருபது வருடத்தில் பொது விதிக்கு முன்மாதிரியாகிவிட்டது.

2022 ஜனவரி உடன்படிக்கையிலும் இரு பக்க அழுத்தமும் தெரிகிறது. ஐஓசிக்கு 14 குதங்கள், கூட்டுத்தாபனத்துக்கு 24, மிகுதி 61 கூட்டுக் கம்பனிக்கு. அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு, 49 வீதம் ஐஓசிக்கு. அந்த 51 தொழிற்சங்கங்கள் வருடக்கணக்கில் கத்தியதன் பலன் என்றே நான் நினைக்கிறேன். கத்தியவர்களுக்குக் கிடைத்தது.

நாம் கத்தவில்லை. 2003 இலும் 2022 இலும் கைச்சாத்திட்டவர்களில் கிண்ணியா, மூதூர் உட்பட இந்த மாவட்டத்தின் எந்த உள்ளூராட்சி சபையும் இல்லை. வேலைவாய்ப்பில் எத்தனை வீதம், எண்ணெய் கசிந்தால் நமது மீனவருக்கு நட்டஈடு யார் கொடுப்பது என்று கேட்க அங்கே ஆளில்லை. சிங்கள, தமிழ் அயலவருக்கும் இதே நிலைமைதான், சேர்ந்தே கேட்கலாம்.

2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துள்ளன. இனித்தான் கம்பனிகளுடனான நிபந்தனைகள் எழுதப்படும். நமது எம்பிமாரும் பிரதேச சபைகளும் அந்த நகலை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். கைச்சாத்தான பிறகு கேட்டால் தேநீர்க் கடையில்தான் பேசலாம்.