மடையைத் தளர்த்தும் ஊசி

கொட்டிவாக்கம் குப்பத்தில், ஊரெல்லாம் உறங்கும் பின்னிரவிலே, கட்டிலின் விளிம்பில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி விடியுமட்டும் உட்கார்ந்திருந்த மீனவர் ஒருவரை நான் அறிவேன். நாற்பது வயதுகூட நிரம்பாதவர். காலை நீட்டிப் படுத்தால் விரல்களில் தணலை அள்ளிக் கொட்டினாற்போல் எரிகிறது என்பார். தொங்கவிட்டால் சற்றே தணிகிறது என்பார். அக்கம்பக்கத்தார் அதை வாயு என்றார்கள். உண்மையில், அடைபட்டுப்போன ரத்தக் குழாய்களின் வழியே, பூமியின் ஆகர்ஷணம் துணைநின்றால்தான் சிறிதளவு ரத்தமாவது பாதம் வரை இறங்கும். படுத்துவிட்டால் அந்தத் துணையும் போய்விடுகிறது.

வியன்னாவிற் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய லியோ பர்கர் என்ற வைத்தியர், வெட்டியெடுக்கப்பட்ட 11 அவயவங்களைப் பரிசோதித்து 1908-இல் விவரித்தமையால் அவர் பெயரையே பெற்ற இந்நோய், பெரும்பாலும் புகையிலையை விடாத இளவயது ஆடவரைப் பற்றுவது; பீடி மலிந்த நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இது புதிய விருந்தாளி அன்று.

அடைப்பை ஊசியால் கரைக்க முடியாது. ஆயின், ஏரியின் பெருவாய்க்கால் தூர்ந்தாலும் கிளை வாய்க்கால்கள் சில இருப்பதுபோல, அடைபட்ட குழாயைச் சுற்றிலும் சிறு குழாய்கள் உண்டு. அவற்றின் மடையை முக்கால் பங்கு மூடிவைத்திருக்கும் நீர்பாய்ச்சி போன்றது ஒரு நரம்பு. 1851-இல் பாரிஸில் கிளாட் பெர்னார்ட் ஒரு முயலின் கழுத்தில் இந்நரம்பை அறுத்தபோது, அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடேறிற்று. நரம்பு அடங்கவே குழாய்கள் விரிந்தன என்பது பின்னர் தெளிவாயிற்று. குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அதில் ஓடும் திரவம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும் என்பது பௌதிகக் கணக்கு. ஆகவே சிறு தளர்ச்சியும் வீணன்று. உடன்வருந்துதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த இந்நரம்பின் பெயரை நம்மவர் 'பரிவு நரம்பு' என்று தமிழாக்கினார்கள். தவிக்கும் காலுக்கு வரும் ரத்தத்தை இறுக்கிப் பிடிக்கும் நரம்புக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது வேடிக்கைதான்!

காலுக்குரிய பரிவு நரம்பு முடிச்சுகள், இடுப்புப் பகுதி முதுகெலும்புகளின் முன்பக்கவாட்டில் சங்கிலிபோல் அமைந்திருக்கின்றன. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றின்கீழ் தலையணை கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே நீண்ட ஊசியொன்றைப் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் எலும்பின் ஓரமாகச் செலுத்தி, சாயமருந்து விட்டு இடத்தை உறுதிசெய்துகொண்டபின், மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். இதன் பயன் சில மணி நேரமே நிற்கும். எனினும் நரம்பை அடக்கினால் இந்தக் காலுக்கு நன்மையுண்டா என்பதைக் காட்டிவிடும். உண்டென்று தெரிந்தால், பீனால் அல்லது ஆல்கஹால் கொண்டு அந்நரம்பைப் பல மாதங்களுக்குச் செயலறச் செய்யலாம். வலியைச் சுமக்கும் இழைகள் சிலவும் இவ்வழியே செல்வதால், ரத்த ஓட்டம் பெருகுமளவுக்கு மேலேயே வலி தணிவதுண்டு.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். விரிவது பெரும்பாலும் தோலின் குழாய்களே. ஆதலால் நடக்கும்போது கெண்டைக்காலைப் பிடித்திழுக்கும் வலிக்கு இது உதவாது. நெடுநாள் நீரிழிவினால் பரிவு நரம்பு முன்னமே நலிந்தவர்களுக்கும் பயன் சொற்பம். சிலருக்குத் தொடையிலும் கவட்டிலும் சில வாரம் எரிச்சல் காணும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்பவர் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும். பீடியை விடாதவருக்கோ, ஊசி எத்தனை போட்டாலும் நோய் மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

நம் மீனவர் பீடியை விட்ட கதை தனிக் கதை. ஊசி போட்ட அன்று மாலை, அவர் மனைவி வழக்கம்போல் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவள், "ஐயோ, காய்ச்சலா?" என்று பதறி, மற்றக் காலையும் தொட்டாள், அது எப்போதும்போல் சில்லென்றே இருந்தது. அன்றிரவு அவர் காலை நீட்டிப் படுத்தார்.