கப்பல் இன்ஜினும் "பூட்" ஆகிறது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "பவர் பட்டனை அழுத்தியவுடன் விண்டோஸ் ஏன் வருவதில்லை? அதற்குள் என்னதான் செய்கிறது?" இவர்களுக்கு நான் கூறும் உதாரணம் கப்பல் இன்ஜின்.

பிரம்மாண்டமான இன்ஜின்

2006ல் கடலுக்கு வந்த எம்மா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பலை எடுத்துக் கொள்வோம். இதன் இன்ஜினில் 14 சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் குறுக்களவும் 96 செ.மீ. இன்ஜினின் எடை சுமார் 2,300 டன். திறன் சுமார் 80,000 கிலோவாட். காரில் உள்ளது போல பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வைத்து இதனைச் சுழற்ற முடியாது. எனவே அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் சோதனை

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பயாஸ் புரோகிராம் மெமரி, கீ போர்டு போன்றவற்றைச் சோதிக்கிறது அல்லவா? கப்பலிலும் அப்படித்தான். குளிர்விக்கும் நீரை முன்னதாகவே சூடேற்றி இன்ஜினை வெதுவெதுப்பாக்குவார்கள். ஆயில் பம்ப் ஓடும். ஒரு சிறிய மின் மோட்டார் இன்ஜினை மெதுவாகச் சுற்றிவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தண்ணீரை அமுக்க முடியாது. எனவே அது உள்ளே இருந்தால் இன்ஜினே உடையலாம். அந்தச் சிறிய மோட்டாரைக் கழற்றி விடாத வரை இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி பூட்டும் உண்டு.

அடுத்து காற்று

பெரிய சிலிண்டர்களில் சுமார் 30 பார் அழுத்தத்தில் காற்று தயாராக இருக்கும். கார் டயரில் உள்ள அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 15 மடங்கு இது. எந்த பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தயாராக உள்ளதோ, அதன் மேல் இந்தக் காற்று பாய்ந்து அழுத்தும். இன்ஜின் போதிய வேகம் பெற்றவுடன் காற்று நிற்கும், எரிபொருள் பீய்ச்சப்படும். உள்ளே அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே அது பற்றிக் கொள்ளும். எம்மா மெர்ஸ்கில் இந்த வால்வுகளைத் திறந்து மூடுவதும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில்தான் நடக்கிறது.

இத்தகைய பல கப்பல்களில் கியர் பாக்ஸ் கிடையாது. பின்னால் செல்ல இன்ஜினை நிறுத்தி, எதிர்த்திசையில் மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எனவேதான் இடையில் நிரப்பாமலேயே 12 முறை ஸ்டார்ட் செய்யும் அளவிற்குக் காற்று இருக்க வேண்டும் என விதி உள்ளது.

சரி, காற்றை அடைக்கும் கம்ப்ரசருக்கு மின்சாரம்? அதனை ஜெனரேட்டர் தரும். சிறியது பெரியதை எழுப்புகிறது. பயாஸ் என்ற சிறிய புரோகிராம் விண்டோஸை எழுப்புவதும் இதே வழிதான்.

ஒரு வயர் போதும்

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய டாலி என்ற கப்பலில் மின்சாரம் நின்றது. குளிர்விக்கும் நீர் பம்ப் நின்றதால் இன்ஜினும் தானாக நின்றது. சுமார் 4 நிமிடங்களில் கப்பல் பாலத்தில் மோதி, பாலம் சரிந்தது. மேலே வேலை செய்து கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தனர். இவ்வளவு பெரிய இன்ஜினை மீண்டும் இயக்க அந்த நேரம் போதவில்லை. முதலில் மின்சாரம் நின்றதற்குக் காரணம், சரியாகச் செருகப்படாத ஒரு வயர் என 2025 நவம்பரில் விசாரணைக் குழு அறிவித்தது.

எனவே உங்கள் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். பவரை நிறுத்திவிட்டு, கேபிள்கள் சரியாகச் செருகப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள்.